நாற்பத்தோராவது வரி

ஆரியசாலை, திருவனந்தபுரம்
4.7.2005

மருமக இசக்கிசெல்விக்கு அழகியநம்பி மாமன் எழுதுதேன்.

நான் இன்னும் சாகல. முட்டு வலிக்கு, பல்லு ரெண்டு ஆடுது, எடது காது ஒக்கப் போச்சு. அதனால இனிமே போன் பண்ணாத மக்ளே. போன வாரம் நீ "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டதுக்கு நான் "ஆமா, நேத்தே எரிச்சாச்சு"ன்னு சொன்னேனாம். எனக்க மகன் ஜெயன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிட்டான். இனி நமக்குக் கடிதாசுதான். உனக்க ஒடம்பு எப்படி? மெட்ராஸ் வெயில்ல கருவாடாகிராத. தையில கல்யாணம். மாப்பிள விஜய்குமார் ஒன்னப் பாத்து பயந்து அவன் வேல பாக்குத தம்பானூர் லாட்ஜுலயே ரூம் எடுத்து ஒளிஞ்சுக்கிடுவான்.

முப்பத்திநாலு வயசுல ஒனக்கு ஒருத்தன் மாட்டுனதே அவனுக்கும் ஒன்னப் போல செவ்வாய் தோஷம் இருக்கதுனாலதான். ஒனக்கு ஏழுல, அவனுக்கு எட்டுல. ரெண்டு செவ்வாயும் தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். அவன் தாய் மாடம்மாளும் அதையேதான் சொல்லுதா.

இப்பம் விஷயத்துக்கு வாறேன். நம்ம ஆளுக சங்கத்துல நான் பாக்குத ஜாதகப் பொருத்த வேலைக்கு நாலு வருஷம் முன்ன நீ ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கித் தந்தியே, கறுப்புப் பெட்டி, அதுல பேய் புகுந்திருக்கு. பிச்சைக்கனி மக பொறந்தது எழுபத்திமூணு. பெட்டி சொல்லுது எழுபத்தியேழுன்னு. நாலு வயசு கொறஞ்சதுல அந்தப் பிள்ள மட்டும் சந்தோஷமா இருக்கு. மாப்பிள வீட்டுக்காரன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைப் பாத்துட்டு, "வயசு மறைச்ச கூட்டம்"னு சொல்லி நிச்சயத்த நிறுத்திட்டான். பிச்சைக்கனி எனக்க சட்டையப் பிடிச்சான். கிழிஞ்சது பழைய சட்டைதான், பரவால்ல.

நான் தப்பா வாசிச்சுக் கொடுத்தேனா, டைப் அடிச்ச பிள்ள தப்பா அடிச்சாளா? பாக்கதுக்குப் பழைய நோட்டும் இல்ல. "கரையான் வரும் மாமா, தூரப் போடுங்க"ன்னு நீ சொன்னதுனால பழவங்காடி கடலைக்காரனுக்குக் கொடுத்தாச்சு. ஊர்க்காரனெல்லாம் அவனவன் ஜாதகத்துலயே கடலை தின்னான்.

பெட்டிக்கு என்ன வைத்தியம்? எழுது.

மாமன் அழகியநம்பி


அரும்பாக்கம், சென்னை
13.7.2005

அன்புள்ள மாமாவுக்கு, செல்வி.

விடுதிச் சாப்பாட்டைத் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. முட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது அதை ஜெயன் தலையில் தேய்த்துக்கொள்கிறானா?

பிச்சைக்கனி அண்ணாச்சி வீட்டு விஷயத்தைப் படித்து என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். டைப் அடித்ததில் பிழை இருக்கலாம். ஆனால் டிஸ்க்கே சத்தம் போடாமல் எழுத்தை மாற்றுவதும் உண்டு. 'பிழை' என்று திரையில் எதுவும் வராது. பைலின் அளவும் மாறாது. உள்ளே மட்டும் ஒன்று இன்னொன்றாக ஆகியிருக்கும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிப்போம்.

முதலில் பெட்டியின் வயரை மாற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் இருக்கும் ஜாதகப் பைலைப் பெட்டிக்குப் புதிதாக நகல் எடுங்கள். இரண்டின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். அதன்பின், நான் தனித்தாளில் பெரிதாக எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துக்களை அப்படியே அடியுங்கள். இரண்டு பைலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, மாறியிருப்பதை மட்டும் அது காட்டும். காட்டுவதைத் தாளில் எழுதி அனுப்புங்கள். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க வேண்டாம்.

உங்கள் செல்வி


ஆரியசாலை
2.8.2005

மருமகளுக்கு மாமன்.

பல்லுல ஒண்ணு விழுந்துட்டு. இன்னொண்ணு அதத் தேடி ஆடுது. நீ நல்லா இருக்கியா? விடுதிச் சாப்பாடு மோசம்னா நல்லதுதான். கல்யாணத்துக்குப் பொறவு நீ சமைக்கதத் தின்ன விஜய்குமாருக்கு முன்ன நீ பழகிக்கிடலாம்.

வயரு மாத்தியாச்சு. அளவு பாத்தாச்சு, ரெண்டும் அச்சா ஒண்ணுதான். பின்னே நீ எழுதின இங்கிலீஷ் எழுத்த ஒரு வெரலால ஒவ்வொண்ணா குத்தினேன். மூணு தடவை "அப்படி ஒண்ணு இல்ல"ன்னு திட்டிச்சு. நாலாவது தடவை இத எழுதிக் காட்டிச்சு:

33 37
31 35
32 36
33 37

நம்ம சங்கத்த விட இது நல்லாவே ஜோடி சேக்குது, கேட்டியா. முப்பத்திமூணுக்காரிக்கு முப்பத்தேழுக்காரன், முப்பத்திரெண்டுக்கு முப்பத்தாறு. எல்லா ஜோடிக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். தரகு வேலைக்கு இதையே வச்சுட்டு நான் வீட்டுல இருக்கலாம் போல.

பிச்சைக்கனி மகளுக்கும் நாலு வயசுதானே கொறஞ்சது? இது என்ன மாயம்?

மாமன்


அரும்பாக்கம், சென்னை
11.8.2005

அன்புள்ள மாமாவுக்கு,

விழுந்த பல்லுக்கு அனுதாபம். மிச்சம் இருப்பதையாவது டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேலியாக எழுதியதில்தான் பதில் இருக்கிறது. அந்த எண்கள் வயது இல்லை, கம்ப்யூட்டர் எழுத்துக்களின் பெயர்கள். 33 என்பது மூன்று, 37 என்பது ஏழு. 31 என்பது ஒன்று, 35 என்பது ஐந்து. பெட்டி வழியாகப் போகும்போது எங்கேயோ ஒரு சின்னப் புள்ளி தானாக ஒட்டிக்கொள்கிறது. அது ஒட்டினால் நான்கு கூடிவிடும். மூன்று ஏழாகும், இரண்டு ஆறாகும். எப்போதும் இல்லை, எப்போதாவது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. பெயரில் எழுத்து கெட்டால் கண்ணில் படும். எண் கெட்டால் அதுவும் ஒரு எண்ணாகத்தானே இருக்கிறது?

பழவங்காடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அனந்தபத்மநாபன் சேட்டனிடம் பெட்டியைக் கொண்டுபோங்கள். அங்கேயும் இப்படித்தான் செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செய்தால், உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்து நேராக மாட்டிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. 2002 மழையில் இடி விழுந்து உங்கள் கம்ப்யூட்டர் போனபோது, பெட்டியில் இருந்ததைத்தான் திரும்ப எடுத்துப் போட்டோம். அன்று உள்ளே வந்த பிழை மூன்று வருஷமாக ஊர் முழுக்கப் போயிருக்கிறது. அந்தப் பெட்டியை வாங்கித் தந்தவள் நான். இரண்டு நாளாக இதே நினைப்பு. டைப் அடித்து முடித்த அன்று, பெட்டி வருவதற்கு முன்பே, சேட்டன் ஒரு சி.டி. போட்டு வைத்தாரே, அது கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் அதையும் இப்போதைய பைலையும் ஒப்பிடலாம். யார் யாருக்கு மாறியிருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் எழுதிவிட வேண்டும்.

விஜய்குமார் போன ஞாயிறு போன் செய்தார். லாட்ஜில் தங்க வந்த ஒருவர் குளியலறை வாளியைப் போர்வைக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதை அரை மணி நேரம் சொன்னார். எனக்கு இதுவரை யாரும் வாளிக் கதை சொன்னதில்லை, மாமா.

செல்வி


ஆரியசாலை
6.10.2005

மருமகளுக்கு,

பதில் எழுத நாளாச்சு. கை நடுக்கம்னு வச்சுக்க. ஓணம் வந்துது, போச்சு. ஒனக்கு ஜலதோஷம்னு ஜெயன் சொன்னான். சுக்கு போட்டுக் குடி.

பெட்டிய அனந்தபத்மநாபன் பிரிச்சான். பெட்டியோட மாட்டினா அவன் கம்ப்யூட்டர்லயும் கெடுது. டிஸ்க்க உருவி நேராட்டு மாட்டினா ஒண்ணும் கெடல்ல. "அண்ணாச்சி, டிஸ்க் பாவம். கள்ளன் ஈ பெட்டியாணு"ன்னு பழிய வெளிப்பெட்டி மேல போட்டு அதக் குப்பையில எறிஞ்சான். நான் பொறுக்கிட்டு வந்துட்டேன். வெத்தல வைக்க நல்லாருக்கு.

சி.டி.யும் கெடச்சுது. ஒப்பிட்டாச்சு. மிஷின் அடிச்ச தாள மடிச்சு உள்ள வச்சிருக்கேன். எந்த வரி யாருக்குன்னு அனந்தபத்மநாபன் சொல்லச் சொல்ல நான் கையால பேரு எழுதினேன். அதுவும் இருக்கு, நாப்பது பேரு.

ஆனா ஒரு காரியம். எல்லாருக்கும் எழுதத்தான் வேணுமா? சொர்ணம் மகளுக்கு நாம பொருத்தம் பாத்துக் கட்டிக் கொடுத்து ரெண்டு பிள்ளையும் ஆச்சு. இப்பம் பாத்தா பத்துக்கு மூணு பொருத்தம்கூட இல்ல. அதுக ரெண்டும் சினிமாவுக்குப் போயிட்டுக் கையக் கோத்துட்டு வருதுக. இனி நான் போயி, "உங்களுக்குப் பொருந்தாது, சண்டை போடுங்க"ன்னு சொல்லணுமா? நல்லா நடக்கத அப்படியே விட்டா என்ன? ஒருத்தரையாவது, ரெண்டு பேரையாவது விட்ரட்டுமா? யோசிச்சு எழுது. அவசரமில்ல.

மாமன்


அரும்பாக்கம், சென்னை
14.10.2005

அன்புள்ள மாமாவுக்கு,

ஜலதோஷம் போய்விட்டது. உங்கள் கை நடுக்கத்துக்கு இரத்த அழுத்தம் பாருங்கள்.

யோசிக்க ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் எழுத வேண்டும். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, என் ஜாதகத்தை நான் பார்த்ததுகூட இல்லை, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் நம்புகிறவர்களிடம் பொய்த் தாளைக் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. சொர்ணம் மகள் சினிமாவுக்குப் போவதும் போகாததும் அவள் முடிவு. அதை நீங்கள் எடுக்க வேண்டாம்.

மேலும், நீங்கள் மடித்து வைத்த தாளை நான் எண்ணிப் பார்த்தேன். மிஷின் காட்டியிருப்பது நாற்பத்தொரு வரி. கடைசி வரி 33 37. உங்கள் பட்டியலில் நாற்பது பேர். ஒருவரை விட்டிருக்கிறீர்கள். கை நடுங்கியதால் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஜெயனுக்குப் பெண் பார்க்கிறீர்களே, அவனா? சொந்த மகன் என்றால் ஒரு நியாயம், பிச்சைக்கனி மகள் என்றால் ஒரு நியாயமா? கோபப்படாதீர்கள், ஆனால் இது அசிங்கம்.

அந்த நாற்பத்தோராவது ஆள் யாராக இருந்தாலும் முதல் கடிதம் அங்கேதான் போக வேண்டும். சம்பந்தம் பேசி வைத்திருந்தால் அந்த வீட்டுக்கும் பதிவுத் தபாலில் போட வேண்டும். செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை.

செல்வி


அஞ்சலட்டை
ஆரியசாலை
24.10.2005

மருமகளுக்கு,

சொகமா இரு. ஆபீசர் உத்தரவுப்படி கம்ப்யூட்டர்ல இருந்த தப்பையெல்லாம் சி.டி.யப் பாத்துத் திருத்தி, எல்லா வீட்டுக்கும் எழுதியாச்சு. நாப்பத்தொண்ணாவது ஆளு ஜெயன் இல்ல. சம்பந்தம் பேசின வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் போயாச்சு, மாடம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கின சீட்டும் வந்தாச்சு. பொண்ணு வீட்டுக்குத் தனியாட்டு எழுதல. இந்தக் கார்டே போதும்னு நெனச்சேன்.

மாமன்


அரும்பாக்கம், சென்னை
7.11.2005

மாமா,

விஜய்குமார் நேற்று போன் செய்தார். இரண்டு நிமிஷம். "அம்மா பேச்சுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லதுக்கில்ல" என்றார். லாட்ஜ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஆளே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என்ன மாறியிருந்தது என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பிறந்தது எத்தனை மணிக்கு? அம்மா இருந்தால் அவளைக் கேட்பேன். இப்போது உங்களை விட்டால் யாரும் இல்லை.

இன்னொரு கேள்வி. இது உங்களுக்கு எப்போது தெரியும்? சி.டி. கிடைத்த அன்றா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "எல்லோருக்கும் எழுத வேண்டும்" என்று நான் எழுதியபோது, "அது நீதான்" என்று இரண்டு சொல் எழுதக் கை வரவில்லையா?

செல்வி


ஆரியசாலை
5.12.2005

மருமக செல்விக்கு,

கடிதாசுல எனக்க முட்ட நீ விசாரிக்கல. அது வலிக்கத்தான் செய்யுது.

நீ பொறந்தது பகல் மூணு நாப்பது. பெட்டி அத ஏழு நாப்பது ஆக்கிச்சு. நாலு மணிக்கூறு தள்ளினதுல லக்னம் ரெண்டு கட்டம் நவுந்து போச்சு. ஒம்பதுல இருந்த செவ்வாய் ஏழுல வந்து உக்காந்துட்டு. ஒனக்குத் தோஷமே கெடையாது மக்ளே. சுத்த ஜாதகம்.

மாடம்மாள் தாளத் தூக்கிட்டு நேரா இங்க வந்தா. "என்ன அண்ணாச்சி, உண்டுன்னு தந்தீரு, இப்பம் இல்லேங்கீரு?"

"உண்டாக்குனது பெட்டி. இல்லாம ஆக்குனது உமக்க மருமகதான். அவதான் எழுதச் சொன்னா."

"தோஷம் இல்லாத பொண்ண எனக்க மகனுக்குக் கெட்டி வச்சா வருஷம் திரும்புததுக்குள்ள அவ போயிருவா. பொண்டாட்டியத் தின்னவன்னு அவனுக்குப் பேரு வரணுமா?"

"அவ லேசுல சாகமாட்டா. நான் காரண்டி"ன்னேன். மாடம்மாள் சிரிக்கல. நீயும் சிரிக்கமாட்ட.

எப்பம் தெரியும்னு கேட்ட. சி.டி. கெடச்ச அன்னைக்கு இல்ல. 2002ல, ஒன்னப் பாக்க வேல்சாமி வந்தானே, நல்ல பையன், ஒனக்கும் பிடிச்சிருந்துது, அன்னைக்கே தெரியும். அவங்க வீட்டுக்குக் கொடுக்கதுக்கு மிஷின் அடிச்ச தாள்ல ஏழு நாப்பதுன்னு இருந்துது. எனக்குத் தெரியாதா? ஒன் தாய் வலியெடுத்துக் கெடந்தப்பம் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னவன் நான். நர்சு வந்து பொண்ணுன்னு சொல்லும்போ எனக்க கையில சாயா இருந்துது.

பின்ன ஏன் சொல்லலன்னு கேப்ப. கம்ப்யூட்டர் வந்த அன்னைக்கு சங்கத்துல அத்தனை பேருக்கு முன்ன நீ என்ன சொன்னன்னு ஒனக்கு ஓர்மை இருக்காது. "மாமா அஞ்சாங் கிளாஸ். அவர் ஞாபகத்த நம்பாதீங்க. மிஷின் பொய் சொல்லாது"ன்ன. எல்லாரும் சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஒரு வருஷம் என்னப் பாத்தவன் எல்லாம் "என்ன, அஞ்சாங் கிளாஸ்"னு கூப்பிட்டான். அதனால ஏழு நாப்பதப் பாத்தப்பம், மிஷின் சொல்லியாச்சு, அஞ்சாங் கிளாஸ்காரன் நான் என்ன சொல்லன்னு பேசாம இருந்துட்டேன். ஒரு வாரம் ஒன்ன அழவிட்டுப் பின்ன சொல்லலாம்னு நெனச்சேன். வேல்சாமிக்கத் தாய் தோஷத்தப் பாத்துட்டு மூணாம் நாளே முடியாதுன்னுட்டா. அவனும் அடுத்த மாசம் வேற கெட்டினான். அதுக்குப் பொறவு சொன்னா என்னைய என்ன செய்வாங்க? சொல்லாம இருந்து இருந்து அதுவும் பழகிப் போச்சு.

விஜய்குமார் வந்தப்பம் நெனச்சேன், செரி, பொய்யாவது ஒனக்கு உதவிச்சேன்னு. நாப்பது பேரோட நிறுத்தினதும் அதுக்குத்தான். நீதான் எண்ணிப் பாத்த. "அசிங்கம்"னு ஒரு வார்த்தையும் எழுதின. அந்த வார்த்தையப் படிச்ச சூட்டுல தபாலாபீசுக்கு நடந்தே போனேன். முட்டு வலிகூடத் தெரியல.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமன்


அரும்பாக்கம், சென்னை
2.1.2006

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முட்டு எப்படி இருக்கிறது? காதுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், அது கெடுதல்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு வேலை இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் பைலில் என் பதிவை எடுத்துவிடுங்கள். சி.டி.யிலிருந்து இறக்கிய நகலிலும் எடுத்துவிடுங்கள். இனி என் தாள் யாருக்கும் போக வேண்டாம், சரியானதும் வேண்டாம். எடுத்த பிறகு முன்போலவே இரண்டையும் ஒப்பிட்டு, மிஷின் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் மிச்சம் இருந்தால் மறுபடி யாராவது எடுத்து உயிர் கொடுத்துவிடுவார்கள்.

வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இசக்கிசெல்வி


ஆரியசாலை
17.1.2006

மருமக இசக்கிசெல்விக்கு அழகியநம்பி.

இங்க பொங்கல் ஆச்சு. ஒடம்பு இருக்கு.

நீ சொன்ன காரியத்த இன்னைக்குக் காலம்பற முடிச்சேன். ஜெயன் செய்யுதேன்னான், விடல்ல. நானே ஒரு வெரலால அழிச்சேன். அழிக்கட்டுமான்னு அது கேட்டுது. ரெண்டு தடவை கேட்டுது. ரெண்டு தடவையும் ஆமான்னு குத்தினேன்.

பின்னே ஒப்பிட்டேன். இந்தத் தடவை ஜோடி ஒண்ணும் வரல. இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி வந்துது. அத அப்படியே பாத்து எழுதிட்டுப் போயி அனந்தபத்மநாபன்கிட்ட அர்த்தம் கேட்டேன்.

நேத்து வரைக்கும் அறுநூத்திப் பன்னண்டு பேரு இருந்தாங்க. இப்பம் அறுநூத்திப் பதினொண்ணு. வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னு மிஷின் சொல்லுது மக்ளே.

மாமன்